மனு எழுதும் கைக்குக் கதை ஏன் வரவில்லை?

போன மாதம் பசுவந்தனை பஸ் ஸ்டாப்பில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். கோவில்பட்டியில் கல்லூரி படிக்கிறவன். நம் கூட்டங்களுக்கு வருவான். துண்டறிக்கை எழுதுவான், மனு எழுதுவான். இரண்டையும் நன்றாகவே எழுதுவான். "அண்ணே, ஒரு கதை எழுதணும்னு ஒரு வருசமா உக்காந்திருக்கேன். ரெண்டாவது பக்கத்தைத் தாண்ட மாட்டேங்குது. எழுதுனதப் படிச்சா நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். எழுத விஷயம் இல்லாததால் நம் பிள்ளைகளின் கதை நிற்கவில்லை. நம் ஊரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டைப் பாருங்கள். இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் வந்தார்கள். ஆண்டிபட்டியிலிருந்து பூமணி வந்தார். உருளைகுடியிலிருந்து சோ.தர்மன் வந்தார். 1970, 1991, 2014, 2019 என்று நான்கு பேருக்கும் சாகித்திய அகாடமி விருது. மழையை நம்பி உளுந்தும் கம்பும் பருத்தியும் போடுகிற இந்த மானாவாரி மண்ணில் வேறு எது பொய்த்தாலும் கதை பொய்த்ததில்லை. அப்படியிருக்க, நம் தம்பிக்கு மட்டும் ஏன் இரண்டாவது பக்கத்தில் முட்டி நிற்கிறது?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இறந்துபோனாள். ஐப்பசி அடைமழை. எங்கள் சுடுகாட்டுக்கு அப்போது பாதை கிடையாது. இன்னொருவர் புஞ்சைக்குள் இறங்கித்தான் போகவேண்டும். கரிசல் நனைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செருப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழற்றிவிட்டு நடந்தால் பாதத்தில் அப்பி அப்பி, பத்து எட்டு வைப்பதற்குள் கால் கல்லைக் கட்டினதுபோல் கனக்கும். நான்கு பேர் பாடையைத் தூக்கினோம். நான் பின்னால் வலது பக்கம்.

மறுநாள் நான்தான் மனு எழுதினேன். எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டுக் கோரிக்கை, எந்தச் சர்வே எண், எத்தனை மீட்டர் பாதை தேவை, முன்பு கொடுத்த மனுக்களின் தேதி. ஒன்றரைப் பக்கம். ஒரு சொல் கூடுதல் இல்லை. நல்ல மனு. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

அதே சம்பவத்தைக் கதையாக எழுத மூன்று ஆண்டுகள் முயன்றேன். ஒவ்வொரு முறையும் சாவு வீடு வரும், ஒப்பாரி வரும், மழை வரும், பாடை தெருவைத் தாண்டும். புஞ்சையின் பொழியில் வந்து பேனா நின்றுவிடும். அதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் "ஆண்டாண்டு காலமாக அடக்கப்பட்ட மக்கள்" என்று ஆரம்பிக்கும். கிழித்துப் போடுவேன்.

ஏன் நின்றது என்று வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அந்தப் புஞ்சைக்குள் நடுவழியில், முன்னால் தூக்கிவந்த மதினியின் தம்பி வழுக்கி முழங்கால் மண்டியிட விழுந்தான். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. தாங்கிப் பிடித்துக்கொண்டோம். அவன் சேற்றில் இருந்தபடியே, "ஏ கெழவி, உசுரோட இருக்கும்போதும் எனக்கு வேலை வச்ச, இப்பவும் வைக்கியா?" என்றான். நாங்கள் நான்கு பேரும் சிரித்துவிட்டோம். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன அவள் மகனும் திரும்பிப் பார்த்து, அழுகையோடு அழுகையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் நான் எழுதாமல் தவிர்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மனுவில் அதை விட்டது சரி. மனுவில் அதற்கு இடமில்லை. கதையிலும் ஏன் விட்டேன்? பயம். சிரித்துக்கொண்டே தூக்கிப்போகிற ஆட்களுக்குப் பாதை எதற்கு என்று படிக்கிறவன் கேட்டுவிடுவானோ என்ற பயம். அந்தப் படிக்கிறவன் யார் என்று யோசித்தேன். எங்கள் தெருக்காரன் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மனுவை வாங்கி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓரமாக வைக்கிற ஆள். நான் கதையையும் அவருக்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நம் இளைஞர்களுக்கு எழுத்து முட்டி நிற்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து. நாம் எழுதப் பழகியதே அதிகாரத்திடம் நியாயம் கேட்பதற்காக. மனு, புகார், உண்மை அறியும் குழுவின் அறிக்கை. இவை ஒவ்வொன்றிலும் நாம் குற்றமற்றவர்களாக இருந்தே ஆகவேண்டும். பாதிக்கப்பட்டவன் குடித்திருந்தான் என்று ஒரு வரி நழுவினால் வழக்கே போய்விடும். அந்த எச்சரிக்கை உயிர் காக்கிற எச்சரிக்கை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே எச்சரிக்கையோடு கதைக்குள் போனால் மனிதர்கள் நடமாட மாட்டார்கள். மனுவுக்கு மனுதாரர் போதும். கதைக்கு அந்தக் கிழவியும், அவளிடம் வசவு வாங்கின பையனும் வேண்டும்.

பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்த நாவல். அண்ணனைக் கொன்றவனை ஒரு சிறுவன் கொன்றுவிடுகிறான். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் நாவல். சாதிப் பெயர் சொல்லப்படுவதில்லை. யாரும் பிரசங்கம் செய்வதில்லை. அவர்கள் சமைக்கிறார்கள், எதையாவது பிடித்துத் தின்கிறார்கள், பழைய பேச்சுப் பேசுகிறார்கள். கையில் ரத்தம் பட்ட அந்தப் பையன் நம் வீட்டுப் பையனாகிவிடுகிறான். மனுவாக இருந்தால் இவனை முதல் வரியிலேயே நியாயப்படுத்த வேண்டியிருந்திருக்கும். பூமணி நியாயப்படுத்தவில்லை, கூடவே நடந்தார். 2019-இல் அது 'அசுரன்' படமானபோது பஞ்சமி நிலமும் செருப்பும் வெளிப்படையாக உள்ளே வந்தன. திரையரங்குக் கூட்டத்துக்கு அது தேவையாக இருந்தது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எழுதப் பழகுகிறவர்கள் நாவலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதைச் சொல்லாமலே உணர்த்த முடிகிறது, எதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

இன்னொன்றும் நம் ஒட்டப்பிடாரம் வட்டாரத்திலிருந்தே. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியது. அறிக்கைகள் வந்தன, விசாரணைக் கமிஷன் வந்தது. 2021-இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தபோது எல்லோரும் கொடியன்குளத்தை நினைத்தார்கள். படம் பார்த்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், போலீஸ் தடியடிக்கு முன்னால் முன்னங்கால் கட்டப்பட்ட அந்தக் கழுதையைச் சொல்வார்கள். எந்த அறிக்கையிலும் கழுதைக்கு இடமிருக்காது. நடந்த சம்பவத்தை நிரூபிக்க அது தேவையில்லை. அந்த ஊரில் வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று உணர அது தேவை.

இரண்டாவது தடை நமக்கு உள்ளேயே இருக்கிறது. பேசக் கொஞ்சம் கசப்பானது. நம் தெருவின் குறையை எழுதினால் நம் ஆட்களே வருவார்கள். "எதிரிக்கு நீயே கத்தி எடுத்துக் கொடுக்கிறாயா?" என்பார்கள். 1989-இல் பழையன கழிதலும் நாவலில் ப.சிவகாமி ஒரு தலித் தலைவரின் வீட்டுக்குள் போய், அவர் தன் வீட்டுப் பெண்களை நடத்தும் விதத்தை எழுதினார். 1992-இல் 'கருக்கு' வந்தபோது பாமா சில மாதங்கள் தன் சொந்த ஊருக்குள்ளேயே போக முடியவில்லை. ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு கோபம். 1994-இல் இமையம் 'கோவேறு கழுதைகள்' எழுதி, தலித் தெருவுக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தை அந்தத் தெருவே எப்படி நடத்துகிறது என்று காட்டியபோது, தலித் விமர்சகர்கள் சிலரே கடுமையாக எதிர்த்தார்கள்.

எதிர்த்தவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம்மைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் நமக்கு எதிராகத் திருப்பக் காத்திருக்கிற சமூகம் இது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் எழுதினவர்கள் பக்கம். குறையே இல்லாத அப்பாவியாக இருந்தால்தான் நமக்கு உரிமை என்பது யார் போட்ட நிபந்தனை? ஆதிக்க சாதிக்காரன் குடிகாரனாக இருந்தாலும் அவனுக்குச் சுடுகாட்டுப் பாதை உண்டு. நமக்கு மட்டும் நற்சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழைக் கதையிலும் நாமே எழுதி நீட்டினால் நிபந்தனையை ஒத்துக்கொண்டதாக ஆகும். நம் வீட்டுப் பெண்கள் வாங்குகிற அடியையும், நமக்குக் கீழே என்று நாமே வைத்திருக்கிறவர்களையும் எழுதமாட்டோம் என்றால், நாம் பேசுகிற சமத்துவம் தெருமுனையோடு நின்றுவிடும்.

பூமணியும் தர்மனும் தங்களைத் 'தலித் எழுத்தாளர்' என்று அழைப்பதை வெளிப்படையாகவே மறுத்தவர்கள். அதனாலேயே அவர்களைப் படிக்கமாட்டேன் என்கிற தோழர்கள் உண்டு. அவர்களோடு அந்த அடையாளத்தைப் பற்றிச் சண்டை போடுங்கள், நானும் போடுவேன். படித்துவிட்டுப் போடுங்கள். செருப்புத் தைக்கிற அழகிரியை நடுவில் வைத்து 1979-இல் எழுதப்பட்ட 'பிறகு' நாவலைத் தாண்டிப்போனால் நட்டம் நமக்குத்தான்.

வெளியிலிருந்து வருகிற ஆபத்தும் இருக்கிறது. 'ஊரார் வரைந்த ஓவியம்' எழுதியதற்காகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை.குணாவின் குடும்பத்தை 2014-இல் ஊரே ஒதுக்கிவைத்தது. 2015-இல் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவிக்க வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே மீண்டு வந்தார். ஆகவே, பயப்படாதே எழுது என்று உங்களை உசுப்பிவிட்டு நான் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊர்ப்பெயரை மாற்றுங்கள், ஆளை மாற்றுங்கள், இரண்டு பேரை ஒருவராக்குங்கள். அச்சுக்குப் போகும் முன் நம்பகமான ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆனால் முதல் வரைவை எழுதும்போது இது எதையும் யோசிக்காதீர்கள். முதல் வரைவு உங்கள் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் ஊரைக் கூட்டப்போவதில்லை.

மூன்றாவது தடைக்கு மனசில் காரணம் தேடவேண்டாம். நேரமும் இடமும் இல்லை. அவ்வளவுதான். ஒரு பெண் எழுதவேண்டுமென்றால் அவளுக்கென்று பணமும் ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். நம் காலனி வீட்டில் ஓர் அறைதான் வீடே. பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் நின்றுவிட்டு வந்து தங்கச்சி எழுத உட்கார்ந்தால் கண் சொருகும். அதற்குப் பெயர் எழுத்துத் தடை இல்லை, அசதி. தன்னை நொந்துகொள்ள வேண்டாம். சோ.தர்மன் பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே எழுதியவர். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் வேலைக்கும் போய், இரண்டு ஆண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து எழுதினார். அவருடைய முதல் நாவல் 1970-இல் வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு விளக்கம் சொல்வதற்காகத் தான் எழுதவில்லை என்பதையும் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். மேசைக்கு அந்தப் பக்கத்து ஆள் எல்லா நாட்டிலும் இருக்கிறார் போலும்.

வயதையும் எண்ணாதீர்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத கி.ரா. முப்பத்தைந்து வயதை ஒட்டித்தான் கதை எழுத வந்தார். பூமணி 1990-களின் நடுவில் இரண்டு நாவல்களை வெளியிட்டதோடு சரி, அடுத்த நாவல் 2012 வரை இல்லை. கூட்டுறவுத் துறையில் வேலை, தீப்பெட்டித் தொழிலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' என்ற படம், பிறகு 1899 சிவகாசிக் கலவரத்தைப் பற்றிய தேடல். அதெல்லாம் சேர்ந்துதான் ஆயிரம் பக்கத்துக்கு மேல் 'அஞ்ஞாடி'யாக வந்தது. கோடை மழைக்கு ஓர் உழவு போட்டுவைக்கிறோம். அன்றைக்கே யாரும் விதைப்பதில்லை, புரட்டாசி வரை மண் காத்துக்கிடக்கும். எழுதாமல் இருப்பதும் சில சமயம் அப்படித்தான். ஆனால் உழவு போட்டுவைத்திருக்க வேண்டும். ஒரு குறிப்பு நோட்டுகூட இல்லாமல், புரட்டாசி மழைக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் கோரைதான் முளைக்கும்.

அந்த உழவு எப்படி என்று கேட்டால், எனக்குப் பலன் தந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதின பழைய மனுவோ அறிக்கையோ ஒன்றை எடுங்கள். அதில் வேண்டுமென்றே விட்டதை எல்லாம் தனித்தாளில் பட்டியல் போடுங்கள். யார் சிரித்தார்கள், யார் சாப்பிடாமல் இருந்தார்கள், யார் வராமல் ஒளிந்துகொண்டார்கள், எந்த நாய் குரைத்தது. உங்கள் கதை பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

எழுத வரவில்லையா, வாயால் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டே நாள் முழுக்கக் கதை சொன்னவர்கள். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். ஒரு நண்பனை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லுங்கள், செல்போனில் பதிவு செய்யுங்கள். எங்கே அவன் "அப்புறம்?" என்றான், எங்கே செல்லை நோண்ட ஆரம்பித்தான் என்று கவனியுங்கள். அதைவிட நேர்மையான விமர்சகன் கிடைக்கமாட்டான்.

பள்ளிக்கூடத் தமிழைக் கொஞ்சநேரம் கழற்றி வையுங்கள். பொழி என்று சொல்லி வளர்ந்த பிள்ளை வரப்பு என்று எழுதும்போதே பாதிக் காடு மறைந்துவிடுகிறது. கி.ரா. 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே போட்டார். நம் தெருவுக்கென்று இருக்கிற சொற்கள் எத்தனையோ இன்னும் எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவற்றைச் சேர்ப்பதும் அரசியல் வேலைதான்.

கடைசியாக, முதல் வாசகரை மாற்றுங்கள். அதிகாரியை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் கதைக்குள் இருக்கிற ஆளில் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவையுங்கள்.

நான் அதைத்தான் செய்தேன். சிரிப்போடு சேர்த்துச் சுடுகாட்டுக் கதையை எழுதி முடித்தேன். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. சேற்றில் விழுந்த அந்தப் பையனையே உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். இப்போது அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரிதாண்ணே. ஆனா ஒண்ண விட்டுட்டீக" என்றான். "என்னடா?" என்றேன். "அன்னைக்கு நான் சிரிச்சதுக்குக் காரணமே வேற. தூரத்துல அந்தப் புஞ்சைக்காரன் குடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். அவன் முன்னாடி அழக்கூடாதுன்னுதான் அப்படிப் பேசுனேன்."

நான் அந்தக் குடையைப் பார்க்கவே இல்லை. பாடையைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்திலேயே வந்திருக்கிறேன். மனுவிலும் குடை இல்லை, மூன்று ஆண்டுகள் கிழித்துப்போட்ட தாள்களிலும் இல்லை. எந்தச் சிரிப்பு நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேனோ, அந்தச் சிரிப்புக்குள்தான் சாதி நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைத் தவிர்த்திருந்தால் குடை கடைசிவரை எனக்குத் தெரிந்தே இருக்காது.

அன்று ராத்திரியே கதையைத் திருப்பி எழுதினேன்.

தம்பி, உன் கதையும் அப்படி எதையோ தாண்டமுடியாமல்தான் இரண்டாவது பக்கத்தில் நிற்கிறது. நீ எழுதக் கூசுகிற அந்த ஒன்று என்ன என்று பார். அதை எழுதிவிட்டு எடுத்துக்கொண்டு வா. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, படித்துக் காட்டு.

ஜெய்பீம்.